வருவது சாப்பிட, குஞ்சு பொரிக்க அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் மாவட்டப் பக்கத்தில் வண்ணப் படத்தோடு அரைப் பக்கத்துக்கு ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். சரணாலயத்தில் வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன என்று தலைப்பு. சைபீரியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து இனப்பெருக்கத்துக்காக நம் ஊருக்கு வருகின்றனவாம், இங்கே கூடு கட்டி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, கோடை வந்ததும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தாய்நாடு திரும்புமாம். இதே செய்தி போன வருஷமும் வந்தது, அதற்கு முந்தின வருஷமும் வந்தது. ஊர்ப் பெயரும் படமும்தான் மாறும். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, எல்லாப் பத்திரிகையிலும் எல்லா டிவியிலும் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு இந்தச் செய்தி வந்துவிடுகிறது, இப்போது வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. ஆனால் நான் காலையில் காசு கொடுத்து வாங்குவது உங்கள் பத்திரிகையைத்தான், அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை.

முதலில் அந்தப் படம். அதில் இருப்பது மஞ்சள்மூக்கு நாரை. அது இந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்கு ஆசியா வரை இருக்கும் பறவை. அதற்கும் சைபீரியாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வேடந்தாங்கல், கூந்தன்குளம், எங்கள் பக்கத்து உதயமார்த்தாண்டபுரம் எங்கே போனாலும் மரத்தில் கூடு கட்டி உட்கார்ந்திருப்பவை நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கொக்கு, கூழைக்கடா இவைதான். எல்லாம் நம்ம ஊர்ப் பறவைகள். தண்ணீர் இருக்கும் இடம் பார்த்து ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்கு, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு, சமயத்தில் மாநிலம் தாண்டியும் போகும் வரும். ராஜஸ்தானில் பரத்பூரில் காலில் அடையாள வளையம் மாட்டி விட்ட நத்தைகுத்தி நாரை ஒன்று 800 கிலோமீட்டர் கிழக்கே கிடைத்திருக்கிறது, தாய்லாந்தில் வளையம் மாட்டியது வங்கதேசம் வரை வந்திருக்கிறது. ஆக நம்ம ஊர்ப் பறவையும் சும்மா ஒரே மரத்தில் உட்கார்ந்திருப்பதில்லைதான். அதற்காக அதை வெளிநாட்டுக்காரன் ஆக்கிவிட முடியாது.

ஆஸ்திரேலியா எப்படி உள்ளே வந்தது என்றுதான் எனக்குப் புரியவே இல்லை. கோடியக்கரைக்கு வரும் பூநாரையையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வருவதாக எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இயற்கையாக வாழும் பூநாரையே கிடையாது, அங்கே இருப்பது அதன் புதைபடிவம் மட்டும்தான். நம் நாட்டில் பூநாரை பெரும் கூட்டமாகக் கூடு வைக்கும் இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. அப்புறம், டிசம்பர் ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் நல்ல வெயில் காலம், குளிருக்குப் பயந்து ஒரு பறவை அங்கிருந்து கிளம்ப வேண்டிய அவசியம் என்ன? ஆர்க்டிக்கிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகிற பறவைகள் உண்டு. 2022இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று, பிறந்து சில மாதமே ஆனது, அலாஸ்காவில் கிளம்பி டாஸ்மேனியாவில்தான் இறங்கியது, 13,560 கிலோமீட்டர், 11 நாள், நடுவில் எங்கும் நிற்கவில்லை. ஆனால் அது பசிபிக் மேலே போகிற வழி. நம் வழி வேறு. சைபீரியாவிலிருந்து மத்திய ஆசியா வழியாக இமயமலையைத் தாண்டியும் சுற்றியும் இந்தியப் பெருங்கடல் வரை இறங்கும் இந்த வழியை மத்திய ஆசியப் பறவை வழித்தடம் என்கிறார்கள், 30 நாடுகள் இதற்குள் வருகின்றன.

சரி, கூடு கட்டுபவை ஏன் மழைக்குப் பின்னால் கட்டுகின்றன? எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிறையும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் பூனையும் கீரியும் நரியும் மரத்தடிக்கு வராது. அதே நேரம் வயலில் நத்தையும் நண்டும் தவளையும் மீன்குஞ்சும் பெருகியிருக்கும். நத்தைகுத்தி நாரையைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும், மூக்கை மூடினாலும் நடுவில் ஒரு விரல் போகிற மாதிரி இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். நத்தையின் ஓட்டை அது பெரும்பாலும் உடைப்பதில்லை. தண்ணீருக்குள்ளேயே நத்தையை மேல்மூக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ்மூக்கின் கூர்நுனியை உள்ளே விட்டுச் சதையை அறுத்து இழுத்துவிடும், ஓடு அப்படியே கிடக்கும். சேறடிக்கிற டிராக்டர் பின்னால் இவை நடந்து போவதை எங்கள் பக்கம் வந்தால் காட்டுகிறேன். இது முழுக்க நம் மழையையும் நம் வயலையும் நம்பி நடக்கிற குடித்தனம்.

வேடந்தாங்கல்காரர்களுக்கு இது எல்லோருக்கும் முன்னாலேயே தெரியும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்டு, துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மேல் கலெக்டரிடம் புகார் சொன்னவர்கள் அவர்கள். 1798இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அந்த ஊருக்கே எழுத்தில் கொடுத்தார். சரணாலயம் என்ற சொல்லே சட்டத்துக்கு வராத காலம் அது.

அப்படியானால் வெளிநாட்டிலிருந்து எதுவும் வரவில்லையா என்றால், நிறைய வருகின்றன. அவை உங்கள் படத்தில்தான் வருவதில்லை. ஏனென்றால் அவை மரத்தில் உட்கார்ந்து போஸ் கொடுப்பதில்லை, பெரிதாகவும் இல்லை, நிறைய பேருக்கு மண்ணுக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே தெரியாது. வடுவூர் ஏரியில் மார்கழி மாதம் நடுத்தண்ணீரில் கறுப்பாக மிதந்துகொண்டிருக்கும் கூட்டத்தில் பாதி நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன். ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் கூடு வைப்பவை. எங்கள் ஊரில் எல்லாவற்றையும் சேர்த்துக் கிளுவை, தாரா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து திபெத்திலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறது. அது ஒரே உயரத்தில் பறப்பதில்லை, மலை ஏறினால் ஏறி, பள்ளம் வந்தால் இறங்கி, நில அமைப்பை ஒட்டியே பறப்பதாகக் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள், அதில் பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். ஏறிய உயரத்தை விட்டு மறுபடி எதற்கு இறங்குகிறது என்று நமக்குத் தோன்றும். மேலே காற்று அவ்வளவு மெலிது, அங்கேயே சிறகடித்துக்கொண்டிருப்பதைவிட இறங்கி ஏறுவதுதான் அதற்குச் செலவு குறைவு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கொசு உள்ளான். பெயரே அளவைச் சொல்லிவிடும். எடை 20, 30 கிராம்தான். மரமே முளைக்காத ஆர்க்டிக் ஓரத்துத் தூந்திரத்தில், சூரியன் மறையாத ஜூன் ஜூலையில், பனி உருகி பூச்சி கோடிக்கணக்கில் கிளம்பும் அந்தச் சில வாரத்துக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிடுகிறது. ஆகஸ்டிலேயே இந்தியா வர ஆரம்பித்துவிடும். குஞ்சுகளோடு திரும்பும் என்று எழுதுகிறீர்களே, உண்மை அதைவிட சுவாரசியம். இந்த உள்ளான் வகைகளில் பெரியவை முதலில் கிளம்பிவிடும், அந்த வருஷம் பிறந்த குஞ்சுகள் சில வாரம் கழித்துத் தனியாகக் கிளம்பி, வழி காட்ட ஆளில்லாமல், முன்பின் பார்த்திராத நாட்டுக்கு வந்து சேரும். நட்சத்திரத்தையும் பூமியின் காந்தத்தையும் வைத்துத் திசை பிடிக்கின்றன என்கிறார்கள். திசை சரி, எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பது முட்டைக்குள் இருக்கும்போதே எழுதியிருக்கிறது போல.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகிற வழியில், காலை வெயில் ஏறுவதற்குள் உப்பளத்துப் பக்கம் நின்று பாருங்கள். தண்ணீர் கணுக்கால் அளவுகூட இருக்காது. அந்தச் சேற்றில் நூற்றுக்கணக்கில் இவை ஓடிக்கொண்டே குத்திக்கொண்டிருக்கும், தலை நிமிர்வதே இல்லை. பக்கத்தில் வளைந்த மூக்கு உள்ளான் வயிறு வரை தண்ணீரில் இறங்கி மூக்கை முழுசாகச் சேற்றுக்குள் விட்டுப் புழுவை எடுக்கும். ஒரு வல்லூறு நிழல் பட்டதும் மொத்தக் கூட்டமும் எழுந்து, திரும்பும்போது வயிற்று வெள்ளை ஒரே நேரத்தில் பளிச்சென்று தெரியும், மறுபடி அதே இடத்தில் இறங்கி விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பிக்கும். இவை இங்கே வந்த வேலை இதுதான். சாப்பிடுவது, தேய்ந்த இறகை உதிர்த்துப் புது இறகு போடுவது, திரும்பப் போகும் முன்னால் உடம்பில் கொழுப்பு ஏற்றுவது. பங்குனி சித்திரையில் போனால் உடம்பு உருண்டு, சாம்பல் நிறம் போய்ச் செம்பழுப்பு ஏறியிருக்கும், ஊருக்குப் போய் ஜோடி சேர உடுத்துகிற உடை அது. கூடும் முட்டையும் அங்கே. பிழைப்பு இங்கே.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் குஞ்சு பொரிக்கவே வருகிற பறவையும் உண்டு. தென்மேற்குப் பருவமழையோடு ஆப்பிரிக்காவிலிருந்து வட இந்தியாவுக்கு வரும் சுடலைக்குயில் அப்படித்தான், அதுவும் குயில் புத்திப்படி இன்னொருத்தர் கூட்டில் முட்டை வைத்துவிடும். ஆனால் நீங்கள் மார்கழியில் எழுதும் செய்தியில் அது இல்லை.

இதெல்லாம் பறவை பார்க்கிறவன் சண்டை, வாசகனுக்கு எதற்கு என்று உங்கள் செய்தி ஆசிரியர் கேட்கலாம். விஷயம் இருக்கிறது. குஞ்சு பொரிக்கத்தான் வருகின்றன என்று நம்பினால், மரம் இருந்தால் போதும் என்று தோன்றும். அப்படித்தான் எல்லோருக்கும் தோன்றுகிறது. எங்கள் ஒன்றியத்தில் ஓர் ஏரி, பெயர் வேண்டாம். தூர் வாருகிறோம், அழகுபடுத்துகிறோம் என்று வந்தார்கள். ஏரியை ஓரம் வரை ஒரே ஆழமாக வெட்டி, கரையைச் செங்குத்தாக நிமிர்த்தி, சுற்றிலும் கல் பதித்து நடைபாதை, விளக்கு, பெஞ்சு, நடுவில் பறவைகளுக்காக என்று மண் கொட்டி ஒரு திட்டு, அதில் மரக்கன்று. பழைய ஏரிக்குக் கரையிலிருந்து உள்ளே வெகுதூரம் வரை சரிவு இருந்தது, தை மாசியில் தண்ணீர் வடிய வடியச் சேறு தெரியும், அந்தச் சேற்றில்தான் உள்ளான் எல்லாம் இறங்கும். இப்போது அண்டா மாதிரி இருக்கிறது ஏரி. தண்ணீர் குறைந்தாலும் ஓரத்தில் சேறே வராது. திட்டில் மரம் வளர்ந்துவிட்டது, நீர்க்காகமும் கொக்கும் அடைகின்றன, அதைக் காட்டித் திட்டம் வெற்றி என்று சொல்லிவிட்டார்கள், உங்கள் பத்திரிகையிலும் பாராட்டி வந்தது. சைபீரியாவிலிருந்து நிஜமாகவே வந்துகொண்டிருந்த ஒன்று வராமல் போனதை யாரும் எழுதவில்லை. எழுத முடியாது, ஏனென்றால் அது வந்துகொண்டிருந்ததே செய்தியில் இல்லை.

தூர் வாரக் கூடாது என்று சொல்லவில்லை, நானும் பாசனத்தை நம்பி இருக்கிற குடும்பம்தான். வாருங்கள். ஒரு பக்கத்தையாவது சரிவாக விடுங்கள் என்பதுதான் கோரிக்கை. இது கூடுதல் செலவு கூட இல்லை, குறைவான செலவு. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இந்தியாவிலேயே அதிக இடங்கள், 20, தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன, முதலில் போனது 2002இல் கோடியக்கரை. பெருமைதான். ஆனால் உள்ளானுக்குப் பட்டியல் தெரியாது. பட்டியலில் இல்லாத குளம், வாய்க்கால் ஓரம், அறுவடை முடிந்து தண்ணீர் தேங்கிய வயல், உப்பளம், எங்கே சேறு இருக்கிறதோ அங்கே இறங்கும்.

அங்கேதான் கண்ணியும் வலையும் இருக்கிறது. டெல்டாவில் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை, ராத்திரி நேரத்தில் சில கடைகளில் மடையான் இருக்கு, உள்ளான் இருக்கு என்று காதோடு சொல்வார்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். ஆர்க்டிக்கிலிருந்து வந்து சேர்ந்த 25 கிராம் பறவையில் கறி எவ்வளவு இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஒரு தட்டுக்கு எத்தனை வேண்டும் என்று.

பத்திரிகை எழுதி என்ன ஆகப் போகிறது என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நாகாலாந்தில் நடந்தது இருக்கிறது. கிழக்கு சைபீரியா, வட சீனா பக்கத்திலிருந்து கிளம்பும் அமூர் வல்லூறு அக்டோபர், நவம்பரில் அங்கே டோயாங் நீர்த்தேக்கத்தில் லட்சக்கணக்கில் இறங்கும், ஈசலைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவின் தெற்கு வரை போகும். 2012இல் அவற்றை மீன்வலை கட்டிப் பிடித்து ஆயிரக்கணக்கில் கொன்று விற்பது வெளியே வந்தது. படத்தோடு, ஊர்ப் பெயரோடு, பறவையின் பெயரோடு வந்தது. அடுத்த வருஷமே பாங்டி ஊர்க்காரர்கள் வேட்டையை நிறுத்திவிட்டார்கள். 2013இல் கருவி பொருத்தி விட்ட மூன்று பறவைகளுக்கு நாகா, பாங்டி, வோக்கா என்று அந்தப் பக்கத்துப் பெயர்களையே வைத்தார்கள். பறவைகள் குவிந்தன என்று மொத்தமாக எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா?

பூச்சிகள் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். பூச்சி செய்தியாக வேண்டுமென்றால் பயமுறுத்த வேண்டும். 2020இல் பாலைவன வெட்டுக்கிளி ராஜஸ்தான் வரை வந்து மத்தியப் பிரதேசத்துக்கும் பரவியபோது, கிருஷ்ணகிரிப் பக்கம் எருக்கஞ்செடியில் உட்கார்ந்திருந்த உள்ளூர் வெட்டுக்கிளியைப் பார்த்து நாமும் பதறினோம். அது வேறு என்று அதிகாரிகள் வந்து சொன்ன பிறகுதான் அடங்கியது. அத்தோடு பூச்சியை மறந்தாயிற்று.

ஆனால் ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி ஐப்பசியில் வயலுக்கு மேலே, பள்ளி மைதானத்துக்கு மேலே, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த தட்டான்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோமே, உட்காரவே உட்காராது, பிள்ளைகளுக்கும் பிடிபடாது, அதைப் பற்றி ஒரு வரி? மாலத்தீவில் இருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அங்கே குளமோ ஓடையோ அநேகமாகக் கிடையாது, தட்டான் முட்டையிடுவதற்குத் தோதான நன்னீர் தேங்கி நிற்பது அபூர்வம். ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் தட்டான் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறது, சில நாளில் காணாமல் போகிறது, மறுபடி வருகிறது. வருஷக் கணக்காகத் தேதி குறித்து வைத்து, 2009இல் எழுதினார். தென்னிந்தியாவிலிருந்து கிளம்பி மாலத்தீவு, சீஷெல்ஸ் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன, மழைப்பட்டை தெற்கே நகரும்போது அதன் பின்னாலிருந்து வீசும் காற்றில், ஆயிரம் மீட்டருக்கு மேலே ஏறி, கடலைத் தாண்டுகின்றன என்பது அவர் கணிப்பு. போய் வரும் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். ஒரே தட்டான் இதை முடிப்பதில்லை, நாலு தலைமுறை ஆகுமாம். மழைக்குட்டையில் முட்டை, ஒன்றரை மாதத்துக்குள் வளர்ந்து சிறகு முளைத்து, அடுத்த மழை எங்கேயோ அங்கே. தும்பி பறந்தால் தூரத்தில் மழை என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது எந்த அளவுக்குப் பார்த்துச் சொன்னார்களோ தெரியாது, மழைக்கும் தும்பிக்கும் உள்ள தொடர்பு நிஜம். அமூர் வல்லூறு அரபிக்கடலைத் தாண்டும் நேரமும் இவை தாண்டும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கடல்மேல் அதற்கு வழிச்சாப்பாடு இந்தத் தட்டான்தான் என்றும் கருதுகிறார்கள்.

வண்ணத்துப்பூச்சியும் இப்படித்தான். என் மச்சான் ஆத்தூரில் இருக்கிறார், கல்வராயன் மலைக்குப் போகிற வழியில் அவருக்குக் காடு. சில வருஷம் அக்டோபர் வாக்கில் போன் பண்ணி, மாப்ளே, காலையிலிருந்து பூச்சி போய்க்கொண்டே இருக்கு, எல்லாம் ஒரே பக்கமா மேற்கே போகுது என்பார். கறுப்பில் இளநீலக் கோடும் புள்ளியும் போட்டவை, கூடவே காக்கை நிறத்தில் ஓரம் மட்டும் வெள்ளைப் புள்ளி வைத்தவை. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை பக்கமும் வரும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் திரும்ப மேற்கே போகும். பெருமழையில் மாட்டாமல் இருக்க இரண்டு பக்கமும் மாறி மாறி இருக்கிற ஏற்பாடு. அவர் காட்டு வேலியோரம் கிலுகிலுப்பைச் செடி நிறைய. காய்ந்த தண்டிலும் ஒடிந்த இலையிலும் பூச்சிகள் அடையாய் அப்பிக்கொண்டு, நகத்தால் இலையைச் சுரண்டி, அந்தச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பசிக்கு இல்லை. செடியில் இருக்கிற ஒரு கசப்பு நஞ்சை ஆண் பூச்சி சேர்த்து வைத்துக்கொள்கிறது, பெண்ணை ஈர்க்கும் வாசனையை அதிலிருந்துதான் செய்கிறது, பறவை வாயில் வைத்தால் துப்பிவிடுவதற்கும் அதுதான் காரணம். தேள்கொடுக்குச் செடிக்கும் இப்படி வரும். இரண்டையும் களை என்று மருந்தடித்து எரிக்கிறோம். மச்சான் வேலியில் மட்டும் விட்டு வைத்திருக்கிறார், பூச்சிக்காக இல்லை, சோம்பேறித்தனம்.

எல்லாமே நாடு தாண்டி வர வேண்டும் என்றும் இல்லை. ஆறுமணிக் குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபரில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில்தான் பயணம். விடியும்போது களைத்துப் போய்க் கிடைத்த இடத்தில் இறங்கும், ஊர் வெளிச்சத்தில் குழம்பிக் கண்ணாடியில் மோதி விழும். பச்சை முதுகு, நீலத் தோள், சிவப்பு அடிவயிறு, கண்ணில் கறுப்புப் பட்டை. யாரோ வளர்த்த பறவை தப்பி வந்துவிட்டது என்று பிடித்துக் கூண்டில் போடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்ததற்கு, கிளியா மீன்கொத்தியா என்று பஞ்சாயத்தே நடந்தது. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். காற்று போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாமல் வைத்து, அடிபடாமல் இருந்தால் பொழுது சாய்கிற நேரத்தில் மரம் இருக்கிற இடமாகப் பார்த்துத் திறந்துவிட்டால் போய்விடும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இந்த நாலு வரியை நீங்கள் ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும் போட்டாலே புண்ணியம்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. படம் போட்டால் அதில் இருக்கும் பறவையின் பெயரைப் போடுங்கள், தமிழில் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. கூடு வைத்திருக்கிறதா, சேற்றில் மேய்கிறதா என்று நிருபர் பார்த்து எழுதட்டும். முக்கியமாகத் தேதி. மின்கம்பியில் தகைவிலான் குருவி முதலில் வந்து உட்கார்ந்தது எந்தத் தேதி, வடுவூரில் வாத்து இறங்கியது எப்போது, கிளம்பியது எப்போது, ஆத்தூரில் பூச்சி எந்த வாரம் மேற்கே போனது. மழை முன்னே பின்னே ஆகிக்கொண்டிருக்கிற காலத்தில் இந்தத் தேதிகளுக்கு மதிப்பு உண்டு, பத்திரிகை ஒன்றுதான் தினமும் தேதி போட்டு அச்சடித்துப் பத்திரப்படுத்தி வைக்கிறது. கோடியக்கரையில் பறவையியலாளர் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் 1959க்குப் பின்னால் வளையம் மாட்ட ஆரம்பித்ததால்தான் அங்கே வரும் பறவை ரஷ்யா வரை போகிறது என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. நம்மிடம் வளையம் மாட்டும் வசதி இல்லை, பார்த்து எழுத முடியும்.

ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வரும். உங்கள் மாவட்ட நிருபரை ஒரு நாள் அனுப்பி வையுங்கள். அலுவலகத்தில் கொடுக்கும் அறிக்கையை வாங்கிக்கொண்டு திரும்பாமல், விடியற்காலம் எங்களோடு உப்பளத்துப் பக்கம் வரட்டும், பைனாகுலர் நாங்கள் தருகிறோம். நல்ல செருப்பு போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள், சேறு விடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி.